எந்தப் படியில் உட்காரப் போகிறது?

"தலையைக் கொண்டு வந்திருக்கேன் மாமா" என்றாள் அக்கா மகள். ஒரகடம் கூட்ரோட்டு டீக்கடை. ஞாயிறு காலை ஏழு மணி. பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஆற்றத் தொடங்கினார். அவள் சாப்பாட்டுப் பையைத் திறந்து, பருத்தித் துணியில் சுற்றிய தலையை எடுத்துக் காட்டினாள். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. முடி இல்லை, உச்சி மண்டை தனியாகக் கழன்று வருகிறது, உள்ளே காந்தம். கண்ணாடிக் கண்கள் இரண்டும் என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் இருந்த மேம்பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இது ரெசின் பொம்மை. ஜப்பானில் வோல்க்ஸ் என்ற நிறுவனம் 1999இல் 'சூப்பர் டால்ஃபி' என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறகு கொரியாவிலும் சீனாவிலும் பல பட்டறைகள் முளைத்தன. கை, கால், கழுத்து எல்லாம் உருண்டை மூட்டு, உள்ளே எலாஸ்டிக் கயிறு. பெரும்பாலும் முகத்தில் ஒன்றும் எழுதாமல் வெறும் தலையாகவே வாங்கலாம். புருவம், இமை, கன்னச் சிவப்பு, உதடு எல்லாம் வாங்கியவர் பாடு. எழுதத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கொடுத்து, அதற்கென்று தனிக் கூலி தருகிறார்கள். இவள் இரண்டு வருடமாகத் தானே எழுதிப் பார்க்கிறாள். எழுதுவதும், பிடிக்காமல் அழிப்பதும், மறுபடி எழுதுவதும். இந்த முகத்தை இதுவரை ஆறு தடவை அழித்திருக்கிறாளாம்.

"காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவுக்குப் போய்க் கேட்டுப் பார்ப்போமா?" என்று போனில் நான்தான் ஆரம்பித்து வைத்தேன். அவர்கள் வருடத்துக்கு எத்தனை முகம் எழுதுகிறார்களோ! நமக்குத் தெரியாத ஏதாவது தெரிந்திருக்கும்.

ஒரகடத்தைப் பகலில் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய மதில்களும் பெயர்ப்பலகைகளும்தான். ரெனோ நிஸான் 2010இல் வந்தது, பாரத்பென்ஸ் லாரிகள் 2012இல், ராயல் என்ஃபீல்டு 2013இல். காலை ஏழு மணிக்கு வந்தால் வேறு ஊர். வண்டலூர் பக்கமிருந்தும் வாலாஜாபாத் பக்கமிருந்தும் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களைக் கொட்டிவிட்டு, இரவு ஷிப்ட் முடித்தவர்களை அள்ளிக்கொண்டு போகின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்த பெண் பிள்ளைகள் பஸ் கிளம்பும் முன்பே தூங்கிவிடுகிறார்கள். அப்படி ஒரு பஸ்ஸில்தான் இவளும் நான்கு வருடமாகப் போய் வருகிறாள். கார் கம்பெனி ஒன்றில் பெயின்ட் ஷாப் இன்ஸ்பெக்ஷன்.

ஸ்ரீபெரும்புதூர் போகும் டவுன் பஸ்ஸில் அவள் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே போனேன். வண்டி உடம்பை முதலில் கழுவி, ரசாயனத் தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் ஒட்டும் அடிப்பூச்சு கொடுத்து, அடுப்பில் சுட்டு, அதன்மேல் பிரைமர், நிறம், கடைசியில் பளபளப்புக்குக் கிளியர் கோட். இத்தனை பூச்சும் சேர்ந்து மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனம்தான். தெளிப்பது ரோபோ. இவள் வேலை, சுற்றிலும் டியூப்லைட் எரியும் சுரங்கம் போன்ற இடத்தில் நின்று, விளக்கின் கோடு வண்டிமேல் எங்கே நெளிகிறது என்று பார்ப்பது. கோடு நெளிந்தால் அங்கே தூசி இருக்கிறது, அல்லது ஆரஞ்சுத் தோல்போல் பூச்சு பொரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

"வேலைக்கு வரும்போது சென்ட், பாடி ஸ்ப்ரே எதுவும் கூடாது மாமா. தலைக்குப் போடற சீரம்கூடக் கூடாது. சிலிகான் ஒரு துளி காத்துல கலந்தாப் போதும், பெயின்ட் அந்த இடத்துல ஒட்டாம மீன் கண்ணு மாதிரி குழியா விலகிடும்."

பொம்மைக்கும் அதே கதைதானாம். அச்சிலிருந்து ரெசினைக் கழற்றுவதற்கு ஒருவித மசகுப் பொருள் தடவுவார்கள். புது பொம்மை வந்ததும் சோப்புத் தண்ணீரில் பல் தேய்க்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவாமல் எழுத உட்கார்ந்தால் வண்ணம் வழுக்கிக்கொண்டு போகும். முதல் பொம்மையில் இவளுக்கு அப்படித்தான் ஆனது. பகலெல்லாம் பெயின்ட் ஷாப்பில் இதே தவறைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள், ராத்திரி ரூமில் அதையே செய்தாள். நம்மில் யார்தான் ஆபீஸ் புத்தியை வீட்டுக்குக் கொண்டு வருகிறோம்?

கழுவிய பிறகு மேட் ஸ்ப்ரே அடித்துக் காயவிட வேண்டும். அந்தச் சொரசொரப்பில்தான் பாஸ்டல் பொடி பிடிக்கும். பொடியை மென்மையான பிரஷ்ஷால் கன்னத்திலும் இமை மடிப்பிலும் பூச வேண்டும். மறுபடி ஸ்ப்ரே. பிறகு அக்ரிலிக்கைத் தண்ணீரில் கரைத்து, மைபோல நீர்த்ததும் புருவம். மறுபடி ஸ்ப்ரே. ஒவ்வொரு அடுக்கையும் இப்படிப் பூட்டிவிட்டால், அடுத்த அடுக்கில் தப்பு செய்தாலும் ஈரப் பஞ்சால் அதை மட்டும் துடைத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் இந்த ஸ்ப்ரேயை அடித்தால் காற்றின் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு முகம் முழுக்க வெள்ளை பூத்துவிடும். ஆறு அழிப்புகளில் இரண்டு அந்தக் கணக்கில் போனவை.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியதும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். அவளுக்குப் பெரிய பக்தி கிடையாது. பஸ் மாற வேண்டிய இடம், அவ்வளவுதான். எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. ராமானுஜர் 1017இல் பிறந்த ஊர் இது. அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே, அவருடைய சீடர் முதலியாண்டானின் மகன் கந்தாடை ஆண்டான் அவருக்கு ஒரு விக்கிரகம் செய்வித்தார். அதை அவரே ஆரத் தழுவிக் கொடுத்ததால் 'தானுகந்த திருமேனி' என்று பெயர். சிற்பி அந்த விக்கிரகத்துக்குக் கண் திறந்த நேரத்தில், திருவரங்கத்தில் இருந்த ராமானுஜரின் கண்ணில் ரத்தம் கசிந்தது என்று கதை சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதை விடுங்கள். முகத்தில் கடைசியாகச் செய்யும் வேலை கண், அது தவறினால் யாருக்கோ வலிக்கும் என்று நினைத்த ஊர் இது.

கைகூப்பி உட்கார்ந்திருக்கும் அந்தத் திருமேனியை அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து செருப்பு போடும்போது, "கண் நம்மளப் பாக்குது மாமா. என்னோடது பாக்க மாட்டேங்குது" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சுங்குவார்சத்திரம் வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் தொழிற்சாலைதான். நோக்கியா தொழிற்சாலையில் 2006இல் உற்பத்தி தொடங்கி 2014இல் நிற்கும்வரை இந்தத் தடத்தில் பஸ்ஸில் போனவர்களுக்கு, எல்லாப் பெண்களின் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கிய காட்சி நினைவிருக்கும். இப்போது வேறு அட்டைகள். ஏரிகள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் காஞ்சிபுரம் போய்ச் சேர மாட்டோம்.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கம் என்று ஷேர் ஆட்டோக்காரரிடம் சொன்னதும், "பொம்மைக்காரத் தெருவா? கொலுவுக்கு இன்னும் நாள் இருக்கே" என்றார். ஆனி மாதக் கடைசி. தெருவில் கூட்டமே இல்லை. திண்ணைகளிலும் வாசலிலும் பொம்மைகள் மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளையாக, முகமில்லாமல், வரிசை வரிசையாக. தூரத்திலிருந்து பார்க்கக் கொஞ்சம் திகிலாகவே இருந்தது.

இங்கே பெரும்பாலும் காகிதக்கூழ் பொம்மைகள். பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்து, பசையும் சுண்ணாம்புப் பொடியும் சேர்த்துப் பிசைந்து, பிளாஸ்டர் அச்சில் முன்பாதி பின்பாதி என்று தனித்தனியாக அழுத்தி எடுத்து ஒட்டுகிறார்கள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வெள்ளைப் பூச்சு. பிறகு ஸ்ப்ரே கன்னில் தோல் நிறம். மண் பொம்மையைவிட எடை குறைவு. கைதவறி விழுந்தாலும் சுக்குநூறாகாது. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி அச்சு இருக்கலாம். கருட சேவை செட், வளைகாப்பு செட், கல்யாண ஊர்வலம், கிரிக்கெட் செட் எல்லாமே அச்சுதான். ஆனால் முகம் எழுதியது எந்த வீடு என்று தெருக்காரர்கள் பார்த்ததும் சொல்லிவிடுகிறார்கள்.

நாங்கள் ஏறிய திண்ணையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, மடியில் துணி விரித்து, செட்டியார் பொம்மைக்கு மீசை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் இருபது செட்டியார்கள் மீசைக்குக் காத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். தலையை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். நகத்தால் கன்னத்தைத் தட்டினார். உச்சி மண்டையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார். வாசல் வெளிச்சத்தில் புருவத்தைப் பார்த்தார். அது நாற்பது ஐம்பது முடிகளாக, ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடாக, இவள் ஒரு ராத்திரி முழுக்க விழித்து எழுதியது.

"நல்லா எழுதியிருக்கியே பாப்பா. எங்களுக்கு இவ்ளோ பொறுமை இல்ல" என்றவர், தலையைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, "ஆமா, இது எங்க உக்காரப் போவுது?" என்று கேட்டார்.

"அலமாரியில."

"எத்தினாவது தட்டு?"

மேல் தட்டு. அவள் உயரத்துக்கும் மேலே. ஏனென்றால் கீழ்த்தட்டுகளில் ரூம்மேட்டின் புத்தகங்கள்.

அந்த அம்மா எழுந்து, தலையைத் திண்ணைச் சுவரில் மேலே இருந்த மாடப்பிறையில் வைத்தார். "இப்ப கீழ குந்திப் பாரு" என்றார். உட்கார்ந்து பார்த்தோம். பொம்மை எதிர்வீட்டு ஓட்டுக்கு மேலே, ஆகாயத்தில் ஏதோ தேடிக்கொண்டிருந்தது. காலையில் என்னை விட்டுவிட்டு மேம்பாலத்தைப் பார்த்த அதே பார்வை. ராத்திரி எல்லாம் எழுதிய அந்த நாற்பது முடியும் அங்கிருந்து ஒரு சாம்பல் கறையாகத்தான் தெரிந்தன. புருவம் இருந்த இடமே கலங்கிக் கிடந்தது.

கொலுவில் பொம்மை படியில் இருக்கும். பார்க்கிறவர்கள் பாயில் இருப்பார்கள். மேல் படியில் வைக்கும் பெரிய சாமிகளுக்கு விழியைக் கொஞ்சம் கீழே தள்ளி, மேல் இமைக் கோட்டைத் தடிப்பாகப் போட வேண்டும். அப்போதுதான் கீழே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர்களை அம்பாள் பார்ப்பாள். கீழ்ப் படிக்குப் போகிற செட்டியாருக்கும் காய்கறிக்காரிக்கும் விழியைச் சற்று மேலே தூக்க வேண்டும், அவர்களை நாம் குனிந்து பார்க்கிறோம் இல்லையா. இதை அந்த அம்மா இப்படி விளக்கமாகச் சொல்லவில்லை. இரண்டு பொம்மைகளை எடுத்து இரண்டு உயரத்தில் பிடித்து, "பாரு" என்றார். அவ்வளவுதான். 2019இல் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் எழுந்தருளியபோது, சயனக் கோலத்திலும் நின்ற கோலத்திலும் தெருவே அத்தி வரதர்களைச் செய்து தள்ளியதாம். "நின்னவரு பரவால்ல. படுத்தவருக்குக் கண்ணு எழுதத்தான் யோசனை. மோட்டைப் பாக்கவும் கூடாது, மூடிக்கவும் கூடாது" என்றார். நாற்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் சிக்கல்.

அக்கா மகள் தலையை வாங்கி, மண்டையைத் திறந்து, உள்ளே களிமண் போன்ற பசையில் ஒட்டியிருந்த கண்ணாடிக் கண்களை விரலால் துளியூண்டு, அரைக்கால் அங்குலம்கூட இருக்காது, கீழே சாய்த்தாள். மாடப்பிறையில் வைத்தாள். பொம்மை எங்களைப் பார்த்தது. ஆறு தடவை முகத்தை அழித்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. கோளாறு பெயின்ட்டில் பாதிதான் இருந்திருக்கிறது. மீதிப் பாதி கண் பார்த்த திசையில். அவள் எழுதுவது, முகத்துக்கு முன்னால் வட்ட விளக்கு வைத்து, பொம்மையை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு. கார் மூடியில் குறை தேடும் அதே கண்ணால் முகத்தையும் பார்த்திருக்கிறாள். அலமாரியில் இருக்கும்போது அந்தத் தூரத்தில் யாரும் அந்தப் பொம்மையைப் பார்க்கப் போவதே இல்லை.

இதை வைத்து, முடி முடியாக எழுதுவது வீண் என்று சொல்ல மாட்டேன். கையில் எடுத்துப் பார்க்கிற பொம்மை அது, கொலுப் பொம்மை அப்படியல்ல. ஆனால் முதலில் ஒரே கோட்டில் புருவத்தின் வளைவைச் சரியாகப் போட்டுவிட்டு, அதன்மேல் முடிகளை ஏற்றினால் தூரத்துக்கும் ஆகும், பக்கத்துக்கும் ஆகும். மதியம் வரை அவள் அதைத்தான் பழகினாள். அந்த அம்மா கழித்துப் போட்ட உடைந்த பொம்மைகளில்.

கையைப் பற்றி அவர் சொன்ன சில விஷயங்களைக் குறித்துக்கொண்டேன். பிரஷ்ஷைப் பிடித்த கையின் சுண்டுவிரல் பொம்மையின் தாடையில் ஊன்றி இருக்க வேண்டும். அப்போது கை நடுங்கினால் பொம்மையும் சேர்ந்தே நடுங்கும், கோடு நெளியாது. கோடு வளைய வேண்டிய இடத்தில் பொம்மையைத்தான் திருப்ப வேண்டும், மணிக்கட்டை இல்லை. வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கப் புருவம் வசமாக வரும், மறுபக்கம் வராது. வராத பக்கத்தை முதலில் எழுதிவிட வேண்டும். வசமான பக்கத்தை வசமில்லாத கோட்டைப் பார்த்து எழுதுவது சுலபம். நாம் எல்லோரும் நேர்மாறாகத்தான் செய்கிறோம், நல்லதை முதலில் போட்டுவிட்டு மற்றதை அதற்கு ஈடாக்க முடியாமல் திண்டாடுகிறோம். எழுதி முடித்ததும் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் அது முகம், மனசு சமாதானம் சொல்லிவிடும். கவிழ்த்துப் பார்த்தால் இரண்டு கோடு, எது ஏறியிருக்கிறது என்று உடனே தெரியும்.

எனக்கும் ஆசை வந்து ஜீரோ நம்பர் பிரஷ்ஷை வாங்கினேன். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு செட்டியாருக்கு விழி வைத்தேன். அவர் தன் கடைத் தராசை விட்டுவிட்டுப் பக்கத்துத் திண்ணையை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா வாயைத் திறக்காமல் ஈரத் துணியால் துடைத்து, இரண்டு பொட்டில் மனிதரை வியாபாரத்துக்குத் திருப்பி அனுப்பினார்.

ஜப்பானிலும் படி கட்டிப் பொம்மை வைப்பார்கள் என்று அவள் போனில் படம் காட்டினாள். மார்ச் 3ஆம் தேதி ஹினா மட்சுரி. சிவப்புத் துணி விரித்த ஏழு படிகள், உச்சியில் ராஜாவும் ராணியும், கீழே சேவகர்கள், வாத்தியக்காரர்கள். அந்தப் பொம்மைகளின் முகத்துக்கு, சிப்பி ஓட்டை அரைத்த வெள்ளைப் பொடியைப் பசையில் குழைத்துப் பல தடவை பூசுவார்கள். 'கோஃபுன்' என்று பேர். "அப்ப அதுவும் சுண்ணாம்புதான்" என்றார் அம்மா. படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, ராணியின் கண்ணைப் பார்த்தார். "கீழதான் பாக்குது" என்று செட்டியார்களிடம் திரும்பிவிட்டார். ரெசின் பொம்மை இங்கே வந்து பாடம் கேட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது.

கூலி விஷயம் ஒன்று உறுத்தியது. கடைக்காரரும் சரி, வீட்டுக்கு வாங்குகிறவரும் சரி, உயரத்தைக் கேட்டுத்தான் விலை பேசுகிறார்கள். எட்டு அங்குலமா, பன்னிரண்டா, ஒன்றரை அடியா? முகத்துக்கென்று தனிக் காசு கிடையாது. நாலு அங்குலப் பொம்மையின் கண்ணுக்கும் ரெண்டடிப் பொம்மையின் கண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் பிடிக்கிறது. சிறியதற்குத்தான் கூடுதல் கவனம். ரெசின் பொம்மைக்காரர்கள் ஒரு முகத்துக்கு மட்டும் தனியாகக் கூலி தருவதை அவள் சொன்னபோது அந்த அம்மா நம்பவில்லை. "மூஞ்சிக்கு மட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். சில மோட்டார் சைக்கிள்களின் பெட்ரோல் டாங்கில் ஓரக்கோட்டைக் கையால் இழுக்கும் வழக்கத்தை ராயல் என்ஃபீல்டு பெருமையாக விளம்பரம் செய்கிறது. டாங்கில் போகும் ஒரு கோட்டுக்கு அந்த மரியாதை உண்டு. அம்பாள் கண்ணுக்கு இன்னும் வரவில்லை.

நாங்கள் கிளம்பும்போது அவள் பணம் கொடுக்கப் பார்த்தாள். வாங்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு பொம்மைகள் வாங்கினோம். ஒரு தவழும் கிருஷ்ணன், ஒரு காய்கறிக்காரி. திரும்பும்போது வாலாஜாபாத் வழி. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தென்னேரி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். மறுநாள் காலை ஷிப்ட்.

பத்து நாள் கழித்துப் படம் அனுப்பினாள். மறுபடி எழுதிய முகம். அலமாரி மேல் தட்டு, படம் எடுத்தது தரையில் உட்கார்ந்து. இடது புருவம் ஒரு மயிரளவு ஏறித்தான் இருக்கிறது. அவளுக்கும் தெரியும், அழிக்கவில்லை.

கொலுவுக்குப் பொம்மை வாங்கப் பொம்மைக்காரத் தெருவுக்குப் போவதாக இருந்தால் ஆடிக்குள் போய்விடுங்கள். ஆவணி பிறந்தால் அவர்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. எந்தப் படியில் வைக்கப் போகிறீர்கள் என்று சொல்லி, முகத்தைப் பார்த்து வாங்குங்கள். எழுதியவர் எதிரே உட்கார்ந்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.